மூன்றாம் கேள்வி

"தோட்டத்து வழியாப் போயிடலாம் மச்சான். பத்து நிமிஷத்துல ரோடு வந்துடும்," என்றான் நூரக்.

கயிற்றுக் கட்டில் ஏற்கெனவே தோளில் ஏறியிருந்தது. முன்பக்கம் ஹேவாதும் அவனுடைய அக்கா புருஷன் நூரக்கும். பின்பக்கம் ஒரு காலைப் பக்கத்து வீட்டுக்காரர் பிடித்திருந்தார். நாலாவது காலுக்கு ஆள் கிடைக்கவில்லை. ஹேவாதின் அம்மா ஷாபெரை முக்காட்டை இழுத்துப் பல்லில் கடித்துக்கொண்டு தானே தோள் கொடுத்திருந்தாள். பெண்பிள்ளை கட்டில் தூக்குவதா என்று கேட்கக்கூட ஊரில் அன்று காலை ஆள் இல்லை. எல்லோரும் ஆப்பிள் பறிக்கப் போயிருந்தார்கள்.

கட்டிலில் கிடந்த ஹேவாதின் அப்பா தோர்குல் கண்ணைத் திறந்தார். இரண்டு நாளாக மூச்சு விடுவதே அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. ஆனாலும் தோட்டம் என்ற சொல் மட்டும் காதில் விழுந்துவிட்டது.

"அது லால் வசீர் தோட்டம். வேணாம். வாய்க்கால் ஓரமாப் போங்க."

"அரை மணி நேரம் சுத்துப்பா. டாக்டர் கிளம்பிடுவாரு," என்றான் ஹேவாத்.

"பதினாலு வருஷமா அப்படித்தான் போறேன். கால் தேஞ்சா போச்சு?"

அதற்கு மேல் பேசிப் பயனில்லை. தோர்குல் ஊரில் யாரிடமும் வாயாடுகிறவர் இல்லை, ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டால் சொன்னதுதான். கட்டில் வாய்க்கால் கரைக்குத் திரும்பியது. ஷாபெரை ஒன்றும் சொல்லவில்லை. வாயில் துணி இருந்தது.

மதகுக்குப் பக்கத்தில் தோள் மாற்றக் கட்டிலை இறக்கினார்கள். அந்த மதகு வெளிநாட்டுப் படை கட்டிக்கொடுத்தது. திறப்பு விழா அன்றே ஒரு பக்கம் கீறல் விட்டது. தோர்குல் கையை அசைத்து மற்றவர்களைத் தள்ளிப் போகச் சொன்னார். ஹேவாத் மண்டியிட்டுக் காதைக் கொடுத்தான்.

"நீ வாயைத் திறக்கக்கூடாது. நான்தான் சொன்னேன். புரியுதா?"

"அப்பா..."

"நான் சொன்னேன். என்னோட மண்ணுக்குள்ள போகட்டும். உனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க இருக்கு."

பிறகு தண்ணீர் கேட்டார். ஹேவாத் கைகளைக் குவித்து வாய்க்காலில் அள்ளிக்கொண்டு வந்தான். அதற்குள் அவர் பார்வை வேறெங்கோ போயிருந்தது. ஷாபெரை வந்து குனிந்து பார்த்துவிட்டு, கணவரின் கண்ணிமைகளைக் கட்டைவிரலால் மூடினாள். ஹேவாத் கையில் இருந்த தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகித் தீரும்வரை அப்படியே நின்றான்.

திரும்பும்போதும் சுற்று வழியாகவே வந்தார்கள். உயிரோடு இருப்பவர் சொல்லைத் தட்டலாம், பிறகு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். செத்தவரிடம் என்ன சமாதானம் சொல்வது?

லால் வசீர் தோர்குல்லின் சித்தப்பா மகன். எங்கள் பஷ்தோ மொழியில் இந்த உறவுக்குத் தர்பூர் என்று பெயர், அதாவது பங்காளி. ஒரே பாட்டன் சொத்தைப் பிரித்துக்கொண்டவன் பங்காளி. வாய்க்காலில் இவன் முறை வரும்போது தண்ணீரைத் திருப்பிவிடுகிறவனும் பங்காளி. ஆகாதவன் என்று சொல்லவும் எங்களுக்கு வேறு சொல் தேவைப்படுவதில்லை. அந்த நாளில் தோர்குல் வீட்டில் பால் திரிந்தாலும், கழுதை நொண்டினாலும், "எல்லாம் பங்காளி வேலை" என்பார். லால் வசீரும் அவர் வீட்டில் அதையேதான் சொல்வார். சாயங்காலம் இருவரும் ஒரே கெண்டியிலிருந்து தேநீர் ஊற்றிக் குடிப்பார்கள். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் எந்த வீட்டில் பசிக்கிறதோ அந்த வீட்டில் சாப்பிட்டு அங்கேயே தூங்கிவிடும்.

பதினாலு வருஷத்துக்கு முன் வெளிநாட்டுப் படையின் கேப்டன் ஒருவர் ஊருக்கு வந்தார். கெட்டவர் இல்லை, அதுதான் தொல்லை. படையை எதிர்த்து மலையில் இருப்பவர்களைத் துப்பாக்கியால் மட்டும் ஜெயிக்க முடியாது, மக்களின் குறையைக் கேட்டுத் தீர்த்துவைத்தால் அரசாங்கம் தானாக வேர் பிடிக்கும் என்று அவர் மனதார நம்பினார். அதற்காக ஒரு கேள்வித்தாள் வைத்திருந்தார். ஊரில் பெரிய குறை எது? அதனால் கஷ்டப்படுவது யார்? அது தீராமல் தடுப்பது யார்? யார் அதைத் தீர்ப்பார் என்று நம்புகிறீர்கள்? நாலாவது கேள்விக்கு ஊரே "அல்லாஹ்" என்று சொன்னது. தாளில் அதற்குக் கட்டம் இல்லாததால் 'மற்றவை' என்பதில் குறி போட்டார்கள்.

கேப்டனுடன் வந்த மொழிபெயர்ப்பாளன் முகத்தைத் துணியால் மறைத்துக் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். பட்டணத்துப் பஷ்தோ பேசினான். அவன் ஹேவாத். பத்தொன்பது வயது. காபூலில் ரொட்டிக் கடையில் வேலை செய்வதாக ஊருக்குச் சொல்லியிருந்தான். சொந்த மாவட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளர்களை அனுப்புவதில்லை, ஆனால் அவன் பதிவில் சொந்த ஊர் காபூல் என்று எழுதிக் கொடுத்திருந்தான். நல்ல வேலையை யார் விடுவார்கள்?

தோர்குல்லின் முறை வந்தது. பெரிய குறை தண்ணீர் என்றார். கஷ்டப்படுவது எல்லோரும் என்றார். மூன்றாவது கேள்வியை ஹேவாத் கேட்டான். அவர் அந்தக் கறுப்புக் கண்ணாடியை நேராகப் பார்த்தார். கண்ணோரம் சுருங்கியது.

"வேற யாரு? எல்லாம் என் பங்காளி லால் வசீர் வேலைதான்."

பையனை அடையாளம் தெரிந்துதான் சொன்னார். துணிக்குள் இருக்கும் மகனைச் சிரிக்கவைக்க, வீட்டு வேடிக்கையை ஊர் நடுவில் எடுத்துவிட்டார். ஹேவாதுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சிரித்தால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம். கேப்டன் பேனாவோடு காத்திருந்தார். ஹேவாத் அவசரமாகப் பங்காளி என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரே சொல்லைச் சொன்னான். எதிரி. பெயரையும் சொன்னான்.

மூன்றாம் நாள் விடியும்முன் படை லால் வசீர் வீட்டுக்குள் நுழைந்தது. யார் வீட்டுக்குப் போகிறோம் என்று வண்டி அந்தத் தெருவில் திரும்பும்வரை ஹேவாதுக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் அவன் கேப்டனின் தோளைத் தொட்டு, நான் சொன்ன சொல் தப்பு என்று சொல்லியிருக்கலாம். தெரு நீளம் அவகாசம் இருந்தது. அந்தத் தெருவின் நீளத்தை அவன் பிறகு பலமுறை மனதால் நடந்து பார்த்திருக்கிறான். மாடிப் படியில் லால் வசீர் விழுந்து இடுப்பு முறிந்தது. அப்படியே தூக்கிப் போனார்கள்.

மறுநாள் தோர்குல் முகாம் வாசலில் போய் நின்றார். "அவன் எதிரி இல்ல, என் தம்பி," என்று கத்தினார். ஹேவாத் வயிற்று வலி என்று சொல்லிக் கூடாரத்துக்குள் படுத்திருந்தான். அப்பா குரல் கூடாரத் துணியைத் தாண்டி வந்துகொண்டே இருந்தது. வேறு ஒரு மொழிபெயர்ப்பாளன் போய்க் கேட்டு வந்தான். ஆளை மேலிடத்துக்கு அனுப்பியாயிற்று, இனி எங்கள் கையில் இல்லை என்றார் கேப்டன். உண்மையாகவே அவர் கையில் இல்லை. அவருடைய கையில் மதகு இருந்தது, அதைக் கட்டினார். ஊர்க்குழு ஒன்று அமைத்துக் குழுவோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். முகாமில் தொங்கிய வரைபடத்தில் எங்கள் ஊருக்கு, ஆபத்தில்லாத ஊர் என்று, பச்சை வண்ணம் அடித்தார்கள். அந்த வாரம்தான் லால் வசீரின் மூத்த மகன் குல்பர் மலைக்குப் போனான். பதினேழு வயது. இரண்டு வருஷம் கழித்து மேலிருந்து விழுந்த குண்டில் செத்தான். புதைக்க முழுசாக ஒன்றும் வரவில்லை.

ஊருக்கு ஒன்று மட்டும் தெரியும். தோர்குல் கேள்வித்தாளில் பெயர் சொன்னார், பெயர் சொல்லப்பட்டவனைப் பிடித்துப் போனார்கள். வேலையை விட்டுவிட்டு வந்த ஹேவாத் அப்பாவின் காலைப் பிடித்து அழுதபோது அவர் சொன்னார்: "நான்தான் சொன்னேன். நீ காபூல்ல ரொட்டி சுட்டுக்கிட்டு இருந்தே." அதோடு முடித்துவிட்டார்.

நாலு வருஷம் கழித்து லால் வசீர் கோலூன்றித் திரும்பி வந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் நல்லது கெட்டது அறுந்துபோயிருந்தது. அவர் இல்லாத நாலு வருஷமும் தோர்குல் தன் தண்ணீர் முறையை அவர் தோட்டத்துக்குத் திருப்பிவிட்டார் என்பதும், தன்னுடைய கீழ்த் தோட்டத்தைக் காயவிட்டார் என்பதும் ஊருக்குத் தெரியும். குற்றம் உள்ளவன் குறுகுறுப்பு என்று பேசிக்கொண்டார்கள். அதன் பிறகு யார் தாளும் பேனாவுமாக ஊருக்குள் வந்தாலும், நிவாரணக்காரர்களோ, கணக்கெடுப்புக்காரர்களோ, மலையிலிருந்து இறங்கி இப்போது ஆள்பவர்களின் எழுத்தரோ, தோர்குல் ஒரே பதில்தான் சொன்னார். "எங்களுக்கு ஒரு குறையும் இல்லைங்க."

அடக்கத் தொழுகையான ஜனாஸாவை மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு என்று வைத்தார்கள். ஹேவாத் அப்பாவைக் குளிப்பாட்டினான். தோளில் கட்டில் அழுத்திய இடம் சிவந்திருந்தது, அதன்மேல் தண்ணீர் பட்டு எரிந்தது. அந்த எரிச்சல் அவனுக்கு வேண்டியிருந்தது. உடலைக் கபன் துணியால் சுற்றிக் கட்டும்போது அம்மா வாசலில் வந்து நின்றாள்.

"அவரு உங்கிட்ட என்ன சொன்னாரு மதகுகிட்ட?"

"வாயைத் திறக்காதேன்னாரு."

ஷாபெரை நெடுநேரம் கபனையே பார்த்தாள். "அவரு சொல்லுவாரு," என்றாள்.  சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஹேவாதின் மனது ஒரே இடத்தில் சுற்றியது. இறைவனுக்குச் செய்த குற்றத்தை இறைவன் மன்னிப்பான். மனிதனுக்குச் செய்த குற்றத்தை அந்த மனிதன்தான் மன்னிக்கவேண்டும். லால் வசீர் மன்னிக்காவிட்டால், அப்பா செய்யாத குற்றத்தைச் சுமந்துகொண்டு குழிக்குள் போவார். அவன் உண்மையைச் சொன்னால் அப்பா தப்பிப்பார். ஆனால் வெளிநாட்டுப் படைக்கு மொழிபெயர்த்தவர்களை இப்போது ஆள்பவர்கள் பொதுவில் மன்னித்துவிட்டதாகச் சொன்னாலும், பக்கத்துப் பள்ளத்தாக்கில் அப்படி வேலை பார்த்த இருவரை வீட்டிலிருந்து அழைத்துப் போனார்கள், அவர்கள் திரும்பவில்லை. அதுவும் லால் வசீர் ஷஹீதின், அவர்களுக்காக உயிர்விட்டவனின், தகப்பன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

மையவாடியில் குழிக்கு முன்னால் நாலு வரிசையாகத் தொழ நின்றார்கள். முல்லா திரும்பி நின்று வழக்கம்போலக் கேட்டார். "இந்த மனுஷன் உங்களோட வாழ்ந்தவர். தெரிஞ்சும் தெரியாமலும் உங்க மனசு நோகப் பேசியிருந்தா, நடந்திருந்தா, மன்னிச்சிடுங்க."

"மன்னிச்சோம்," என்றது கூட்டம்.

கடைசி வரிசையின் ஓரத்தில் கோல் ஊன்றி ஒருவர் நிற்பதை அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள். லால் வசீர். அவர் வாய் அசையவில்லை. முல்லாவுக்கும் அது தெரிந்துவிட்டது. பேசாமல் தொழுகையை ஆரம்பித்திருக்கலாம். நல்ல மனுஷர், நல்லது செய்கிறேன் என்று கெடுத்தார்.

"லால் வசீர், நீங்க?"

"அவனை மன்னிக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல," என்றார் லால் வசீர்.

கூட்டம் மூச்சை இழுத்துக்கொண்டது. பிரேதத்தின் முன்னால் இப்படியா என்று யாரோ முணுமுணுத்தார்கள். லால் வசீர் கூட்டத்தைப் பார்க்கவில்லை. ஹேவாதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஹேவாத் வாயைத் திறந்தான். நான்தான் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பிள்ளைகள் இரண்டும் வீட்டு வாசலில் விளையாடுவது கண்முன் வந்தது. அப்பா சொன்னது காதில் கேட்டது. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

லால் வசீர் இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு, "தொழுகையை ஆரம்பிங்க," என்றார்.

மண் போடும்போது அவரும் வந்து மூன்று கை அள்ளிப் போட்டார். குனிய முடியாமல் நூரக்கின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் போட்டார். கபர் நிரம்பிற்று. தலைமாட்டில் கல் நட்டார்கள்.

துக்க வீட்டில் அடுப்பு எரியவில்லை. பக்கத்து வீடுகளிலிருந்து ரொட்டியும் ஆட்டுச் சாறும் வந்தன. ஆண்கள் விருந்தறையில் சாப்பிட்டுவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே பழக் கூடைகளைக் கட்டவேண்டும் என்று ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். நூரக்கும் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினான். கடைசியில் லால் வசீர் மட்டும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பதினாலு வருஷத்துக்குப் பிறகு அந்த அறையில். ஹேவாத் தேநீர் ஊற்றி வைத்தான். கெண்டியைக் கையில் வைத்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்தான்.

"நான் சொன்னது உனக்குப் புரியலையா?" என்றார்.

"புரிஞ்சுது சித்தப்பா. மன்னிக்க மனசு வராது. நியாயம்தான்."

லால் வசீர் சிரித்தார். சந்தோஷமான சிரிப்பு இல்லை. "ஊருக்குத்தான் அப்படிக் கேட்டுதுன்னு நினைச்சேன். நீ மொழிபெயர்க்கிறவனாச்சே, உனக்குமா?"

ஹேவாதின் கையிலிருந்த கெண்டி அசையாமல் நின்றது.

"அவனை மன்னிக்க ஒண்ணும் இல்லன்னா, அவன் ஒண்ணும் பண்ணலைன்னு அர்த்தம். என் மாடிப்படியில மேலேர்ந்து ரெண்டாவது படி ஆடும். எங்க வீட்ல தூங்கி எழுந்த பசங்களுக்குத்தான் தெரியும். அன்னிக்கு இருட்டுல என்னைத் தள்ளிக்கிட்டு வந்தப்போ, மூஞ்சி மூடின ஒருத்தன், 'சித்தப்பா, படி ஆடும், பாத்து'ன்னான்."

"நான்... எனக்கு நினைவில்லை."

"எனக்கு இருக்கு. குரலைக் கேட்டுத் திரும்பிப் பாத்தேன். அதனாலதான் விழுந்தேன்."

ஹேவாத் கெண்டியைக் கீழே வைத்தான்.  கேட்க வேண்டியது ஒன்று மட்டும் இருந்தது.

"அப்பாகிட்ட இதைச் சொல்லியிருக்கலாமே?"

"எப்படிச் சொல்றது? நான்தான் சொன்னேன்னு ஊர்ல நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்கிறான். அது பொய்யின்னா நீ மாட்டுவே. அவன் பிள்ளையை அவன் மறைச்சான். நான் போய்த் திறக்கவா? எம் பிள்ளை போயிட்டான், அவனுக்காவது இருக்கட்டும்னு விட்டேன்." தேநீரை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். "நீ வருவேன்னு பாத்தேன். ஒரு வருஷம், ரெண்டு வருஷம். இன்னிக்கு அவன் எதிர்ல நிக்கிறப்போ கட்டாயம் சொல்லுவேன்னு நினைச்சேன். மண்ணு போடுறதுக்கு முன்னாடி சொல்லியிருந்தா அவன் காதுல விழுந்திருக்கும்."

ஹேவாத் அழுதான். சத்தம் வராமல் அழப் பார்த்தான், முடியவில்லை. உள்ளே பெண்களின் ஒப்பாரி நின்றது. திரைக்குப் பின்னால் யாரோ வந்து நின்றதுபோல் துணி அசைந்தது. அம்மாதான் என்று அவனுக்குத் தெரியும்.

"சித்தப்பா, என்னை மன்னிச்சிடுங்க."

 லால் வசீர் இடுப்பை ஒருமுறை தடவிக்கொண்டார்.

"இந்த இடுப்பு என்னோடது. மன்னிப்பைக் கொடுத்துட்டேன், போ. நாலு வருஷம் சிறையும் என்னோடதுதான், அதையும் கொடுத்துட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "குல்பர் எனக்கு மட்டும் பிள்ளை இல்லைப்பா. அவனைப் பத்தி நான் எதுவும் சொல்ல முடியாது. அவன் அம்மாவைத்தான் கேக்கணும். அவளுக்குப் படி விஷயம் தெரியாது. தோர்குல்தான்னு நினைச்சு இத்தனை வருஷம் அவனைச் சபிச்சிருக்கா. இன்னிக்குக் காலையில செத்தான்னு சேதி வந்தப்போ ரொட்டி மாவு பிசைஞ்சிட்டு இருந்தா. கையைக் கழுவிட்டு வந்து, சரின்னா. அவ்வளவுதான்."

"அவங்க என்ன சொல்லுவாங்க?"

"தெரியாது. அவ வெளியில போய்ச் சொன்னாலும் சொல்லுவா. நான் தடுக்க மாட்டேன்."

கோலை ஊன்றி எழப் பார்த்தார். முடியவில்லை. ஹேவாத் கை கொடுத்துத் தூக்கினான். வாசலில் லால் வசீரின் பூட்ஸ் கிடந்தது, கயிறு கட்டுவது. குனிய முடியாத மனிதருக்கு யாரோ தினமும் அதை மாட்டிவிட வேண்டும். இங்கே வரும்போது அவர் மனைவி பக்தவரா மாட்டிவிட்டிருப்பாள்.

ஹேவாத் மண்டியிட்டான். ஒரு காலை எடுத்து உள்ளே நுழைத்தான். குதிகால் இறங்க விரலைக் கொடுத்து இழுத்தான். மறுகாலை மாட்டினான். கயிறுகள் பழசு, நுனி பிரிந்திருந்தது. நாக்கில் நனைத்து முறுக்கி ஓட்டையில் கோத்தான். முடிச்சுப் போட அவனுக்கு நேரம் பிடித்தது. லால் வசீர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவசரப்படுத்தவில்லை.

திரைக்குப் பின்னாலிருந்து ஷாபெரை கேட்டாள். "எங்க போறே?"

"குல்பர் வீட்டுக்கும்மா."

 பிறகு, "போர்வையை எடுத்துக்கோ, திரும்பும்போது குளிரும்," என்றாள்.

ஹேவாத் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, வாசலில் கிடந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேட ஆரம்பித்தான்.